புகைப் பரிசோதனையில் தேறாத பழைய மோட்டார் சைக்கிள்

கேள்வி (வெள்ளவத்தை): வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதற்காகக் கொண்டுசென்ற எனது 1994ஆம் ஆண்டு மோட்டார் சைக்கிள், புகையில் கார்பன் மொனொக்சைட் வாயு கூடியதால் புகைப் பரிசோதனையில் தேறவில்லை. அப்பா ஓடிய வண்டி என்பதால் விற்க மனமில்லை. எதைத் திருத்த வேண்டும்?

பதில்: தம்பி, கார்பன் மொனொக்சைட் கூடுவதென்றால் காற்றின் அளவுக்கு மிஞ்சிப் பெற்றோல் எரிகிறது என்று பொருள். ஆகவே அடைபட்ட எயார் ஃபில்டர், முழுதாகத் திறக்காத சோக் (குளிர்ந்த எஞ்சினை ஸ்டார்ட் செய்யக் காற்றைக் குறைக்கும் மூடி), பழைய வண்டிகளில் பெரும்பாலும் தேய்ந்துவிடும் கார்பரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பகுதி) ஊசி ஆகியவற்றை முதலில் பாருங்கள். ஹைட்ரோகார்பனும், அதாவது எரியாமல் வெளியேறும் பெற்றோலும், கூடியிருந்தால் பிளக்கையும் வால்வு இடைவெளியையும் சோதிப்பது அவசியம்.

மற்றொரு பதில்: கார்பரேட்டர் ஊசியும், பெற்றோல் பாயும் சிறு துளையுள்ள ஜெட்டும், கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையில் தேடலாம். சைலன்சரில் ஓட்டை இருந்தால் அளவீடே பிழைக்கும். அதை ஒட்டிவிட்டு, எஞ்சின் நன்றாகச் சூடேறும்வரை ஓடிய பின்னரே பரிசோதனைக்குக் கொடுங்கள்.

கேட்டவர்: நன்றி அண்ணா. ஃபில்டர் கறுத்தே கிடந்தது, இன்றே மாற்றுகிறேன்.