தளை தட்டி மாட்டிக்கொண்ட அனுபவங்கள்

கடைசிபெஞ்ச்:
இளங்கலை இரண்டாம் ஆண்டு. கரும்பலகையில் 66ஆம் குறள். 'குழலினி தியாழினி தென்பதம் மக்கள்'. நான்தான் எழுந்து போய் அலகிட்டேன், அதாவது ஒவ்வொரு சீரையும் நேர் (தனிக் குறில் அல்லது நெடில்), நிரை (இரு குறில் அல்லது குறில்நெடில்) என்ற அசைகளாகப் பிரித்தேன். குழ/லினி, நிரைநிரை, வாய்பாடு கருவிளம். அடுத்தது தியா/ழினி, அதுவும் கருவிளம். வெண்பாவில் சீரும் சீரும் சேரும் விதிதான் தளை. அதன்படி விளத்தில் முடியும் சீரை அடுத்து நேர் வர வேண்டுமே, நிரை வந்துவிட்டதே! திரும்பி, "ஐயா, வள்ளுவருக்கே தளை தட்டுது" என்றேன். வகுப்பே சிரித்தது. ஐயா சிரிக்கவில்லை. சாக்பீஸை வாங்கி அந்த 'தி'யின் மேல் ஒரு சின்னக் கோடு போட்டார், அவ்வளவுதான். குற்றியலிகரம், குறுகி ஒலிக்கும் இகரம், அலகு பெறாது, கணக்கில் சேராது. மிச்சம் யா/ழினி, கூவிளம். இருபது வருடமாகிறது, அந்தக் குறளைப் பார்த்தால் இன்னும் காது சூடாகிறது.

புளிமாங்காய்:
இதற்கு எதற்கு இத்தனை பாடு? 'குழலினிது யாழினிது என்பதம்' என்று பிரித்தால் கருவிளங்காய், கூவிளங்காய். காயில் முடியும் மூன்றசைச் சீரை அடுத்து நேர் வர வேண்டும், அதாவது காய் முன் நேர். எங்கே தட்டுகிறது? உங்கள் ஐயா சும்மா மிரட்டியிருக்கிறார்.

கடைசிபெஞ்ச்:
மிரட்டவில்லை. 'இனிது'க்குப் பின் 'யாழ்' வந்தால் உகரம் இகரமாகத் திரியும், 'என்ப' வந்தால் ஓடியே போகும். புணர்ச்சியைப் பிரித்து வைத்துக்கொண்டு தளை பார்த்தால் எல்லாப் பாட்டும் சரிதான்.

மரபுப்பித்தன்:
நான் மாட்டிக்கொண்டது எதுகையில், அடிகளின் இரண்டாம் எழுத்து ஒன்றி வருவதில். கவியரங்கத்தில் வெண்பா வாசித்தேன். முதலடி 'கட்டி' என்று தொடங்கும், இரண்டாமடி 'பாட்டில்'. இரண்டாம் எழுத்து ஒன்றினால் போதும் என்ற நினைப்பு. முன்வரிசைப் பெரியவர் ஒருவர் விரலை நீட்டி, "குட்டை, நெட்டை" என்றார், சத்தமாக. முதலெழுத்தும் குறிலுக்குக் குறில்தானே வர வேண்டும்! மீதியை எப்படி வாசித்து இறங்கினேன் என்று தெரியாது.

ஓய்வாசிரியர்:
நானும் அந்தத் 'தி'யில் விழுந்தவன்தான், விடுங்கள். புதியவர்களுக்குச் சொல்கிறேன். அலகிடும் மென்பொருளில் சொல்லுக்குச் சொல் இடம் விட்டுப் போட்டால் அது சொல்லைத்தான் சீராக எடுக்கும். முதலில் சந்தியைச் சேர்த்துவிட்டு, பிறகு சீராகப் பிரியுங்கள். வெண்பாவின் ஈற்றுச்சீர், அதாவது கடைசிச் சீர், நாள், மலர், காசு, பிறப்பு என்ற இந்த நாலு வாய்பாட்டில் அடங்காவிட்டால் மேலே எங்கோ தப்பாகப் பிரித்திருக்கிறீர்கள். 'கேளா தவர்' என்று முடியும் இந்தக் குறளில் 'தவர்', மலர். மோனைக்கு, அதாவது முதலெழுத்து ஒன்றி வர, அதே எழுத்தைத் தேடி அலையாதீர்கள், சகரத்துக்குத் தகரம் வரும், ஞகரத்துக்கு நகரம், மகரத்துக்கு வகரம். அப்புறம், வாய்விட்டுப் படிக்காமல் பேனாவை எடுக்காதீர்கள்.

புளிமாங்காய்:
ஐயா, இதையெல்லாம் யார் கேட்டார்கள்? இப்போதும் சொல்கிறேன், காய் முன் நேர்.