வீட்டிலிருந்தே புத்தகம் பார்த்து எழுதும் தேர்வு: எப்படித் தயாராவது?

கேட்டவர்: கண்டனூர் மாணவி

எல்லோருக்கும் வணக்கம். தொலைதூரக் கல்வியில் எம்.காம். படிக்கிறேன். இந்த முறை வணிகச் சட்டம் தாளை மட்டும் வீட்டிலிருந்தே, புத்தகம் பார்த்து எழுதலாம் என்று அறிவித்துவிட்டார்கள். காலை 10 மணிக்குக் கேள்வித்தாள் வரும், 3 மணி நேரம் கையால் எழுத வேண்டும், அப்புறம் அரை மணி நேரத்துக்குள் ஸ்கேன் செய்து ஒரே பிடிஎஃப்பாக ஏற்ற வேண்டும். 5 கேள்விகள். எல்லாமே "இப்படி ஒரு சம்பவம் நடந்தது, யார் யாருக்குப் பணம் தர வேண்டும், ஏன்" என்கிற மாதிரிதான் வருமாம். செவ்வாய்ப் பொங்கல் (தைப் பொங்கலுக்குப் பின் வரும் செவ்வாயன்று எங்கள் பக்கத்தில் கொண்டாடுவது) முடிந்த அடுத்த வாரம் தேர்வு.

பள்ளிக்கூடத்திலிருந்து பி.காம். வரை மனப்பாடம் செய்தே எழுதிப் பழகியவள் நான். இப்போது வீட்டில் எல்லோரும் "புத்தகம்தான் பக்கத்திலேயே இருக்கப்போகிறதே, பிறகு எதற்கு ராத்திரி கண் விழிக்கிறாய்" என்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் நேற்று ஒரு மாதிரிக் கேள்வியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ஒரு கேள்விக்கே 1 மணி 10 நிமிடம் ஆகிவிட்டது, அதில் 40 நிமிடம் வெறும் பக்கம் புரட்டியது. புத்தகம் 400 பக்கத்துக்கு மேல். இந்த வேகத்தில் இரண்டு கேள்வியைத் தாண்ட மாட்டேன். இதற்கு என்னதான் படிப்பது, எப்படிப் படிப்பது? எழுதிய அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பதில்: புதுவயல் அண்ணாச்சி

பயப்பட ஒன்றுமே இல்லை. கடையில் கலர் ஸ்டிக்கர் கிடைக்கும், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு கலர் ஒட்டிவிடுங்கள், போதும். புத்தகம் பார்த்து எழுதுகிற தேர்வுக்கு யாராவது படிப்பார்களா?

---

பதில்: வணிகவியல் வாத்தியார், காரைக்குடி

அண்ணாச்சி சொல்வதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். பல வருஷம் இந்தப் பாடம் நடத்தியவன் என்கிற உரிமையில் சொல்கிறேன், இந்த மாதிரித் தேர்வில் படிக்காமல் வருகிற பிள்ளைகள் ஸ்டிக்கர் ஒட்டிய புத்தகத்தை வைத்துக்கொண்டே தோற்கிறார்கள். ஸ்டிக்கர் பாடத்தைக் காட்டும். கேள்வி எந்தப் பாடத்தில் இருக்கிறது என்பதை அது காட்டாது, அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும் அம்மா.

உங்கள் வீட்டில் பெரியவர்கள் யாராவது இருந்தால் சாமான் அறையிலிருந்து ஒரு வெண்கலப் பானையை எடுத்துவரச் சொல்லிப் பாருங்கள். எந்தப் பெட்டகம், எந்தத் தட்டு, யார் பெயர் வெட்டிய பானை என்று யோசிக்காமலே கை போகும். அந்தச் சாமான்களைத் தன் கையால் துடைத்து அடுக்கியவர் அவர், அதனால்தான். உங்கள் புத்தகத்தையும் தேர்வுக்கு முன்னால் நீங்களே ஒரு தடவை அடுக்க வேண்டும்.

அதற்கு நாலு பக்கத் தாள் போதும். புத்தகத்தில் உள்ள தலைப்பு வரிசையில் எழுதாதீர்கள், சம்பவ வரிசையில் எழுதுங்கள். "18 வயது ஆகாதவர் கையெழுத்துப் போட்டால்" என்று இடது பக்கம், அதற்கு நேரே ஒப்பந்தச் சட்டத்தின் பிரிவு 11, பக்க எண், மோகரி பீபி வழக்கு 1903. "பேசியபடி சரக்கு அனுப்பவில்லை, நஷ்டம்" என்றால் 73. நஷ்டத்தொகையை முன்கூட்டியே பேசி எழுதியிருந்தால் 74. "செய்யவே முடியாமல் போய்விட்டது" என்றால் 56. "கடையை விற்றவரே பக்கத்துத் தெருவில் மறுபடி கடை போட்டார்" என்றால் 27, கூடவே அதன் விதிவிலக்கு. இதை வேறு யாரிடமும் வாங்கிப் பிரதி எடுக்காதீர்கள். நீங்கள் எழுதும்போதுதான் அது தலையில் ஏறும். எழுதி முடித்தபின் பாதி இடங்களில் புத்தகத்தைத் திறக்கவே தேவையிருக்காது.

எங்கே சறுக்குவார்கள் என்பதற்கு ஓர் உதாரணம். 17 வயதுப் பையன் பெயருக்கு ஒருவர் புரோநோட்டு எழுதித் தருகிறார். பையன் அதை எண்டார்ஸ் செய்து, அதாவது பின்பக்கம் கையெழுத்துப் போட்டு மாற்றி, ஒரு கடைக்காரரிடம் கொடுத்துச் சரக்கு வாங்கிக்கொள்கிறான். கடைக்காரர் யாரிடம் பணம் கேட்கலாம்? மைனர் என்ற சொல்லைப் பார்த்ததும் எல்லோரும் 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவுக்கு ஓடுவார்கள், அந்தக் காலத்தில் நமக்குக் கடைசி மேல்முறையீட்டு மன்றமாக இருந்த பிரிவி கவுன்சில் 1903இல் அந்த மோகரி பீபி வழக்கில் மைனரின் ஒப்பந்தம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று சொன்னதை ஒரு பக்கம் எழுதுவார்கள், "ஆகவே கடைக்காரருக்கு ஒன்றும் கிடைக்காது" என்று முடிப்பார்கள். தவறு. புரோநோட்டு, காசோலை போன்றவற்றுக்கான 1881 மாற்றுமுறை ஆவணச் சட்டத்தின் 26ஆம் பிரிவைப் பாருங்கள். மைனர் எண்டார்ஸ் செய்யலாம், அது அவனைத் தவிர மற்ற எல்லோரையும் கட்டும். கடைக்காரர் பையனைக் கேட்க முடியாது, ஆனால் நோட்டு எழுதிக் கொடுத்தவரைத் தாராளமாகக் கேட்கலாம். இரண்டு சட்டங்களும் புத்தகத்தில் இருநூறு பக்கம் தள்ளித் தள்ளி இருக்கும். உங்கள் அட்டவணையில் "மைனர்" என்ற ஒரே வரியில் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் தேர்வு நேரத்தில் கண்ணில் படும்.

நேரக் கணக்கு: கேள்விக்கு 30 நிமிடம், அதில் புத்தகத்துக்கு 5 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். மிச்சம் 30 நிமிடம் கடைசியில் படித்துப் பார்க்க. முதலில் விடையைப் பென்சிலால் ஒரு வரி குறித்துவிட்டு, அப்புறம் பிரிவு எண்ணைச் சரிபார்க்கப் புத்தகத்தைத் திறங்கள். பிரிவைப் பத்து வரி அப்படியே இறக்கி வைக்காதீர்கள், திருத்துகிறவர் மேசையிலும் அதே புத்தகம் இருக்கிறது. கேள்வியில் வருகிற ஆட்களின் பெயரைச் சொல்லி, இவருக்கு இது ஏன் பொருந்துகிறது என்று எழுதினால்தான் மதிப்பெண்.

---

பதில்: தேவகோட்டை வக்கீல்

வாத்தியார் ஐயா சொன்னது அத்தனையும் சரி. நான் ஒன்று சேர்க்கிறேன். பாடப்புத்தகத்தோடு பேர் ஆக்ட், அதாவது விளக்கம் இல்லாத வெறும் சட்டப் புத்தகம், ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். விலை அதிகமில்லை, அரசின் இந்தியா கோட் தளத்தில் இலவசமாகவும் இறக்கிக்கொள்ளலாம். வக்கீல் தொழில் செய்ய நாங்கள் எழுதும் பார் தேர்வும் புத்தகம் வைத்து எழுதுவதுதான், 2021லிருந்து குறிப்பில்லாத பேர் ஆக்ட் மட்டும்தான் அனுமதி. அதில் எழுதிப் பழகியவர்களுக்குத் தெரியும், ஆசிரியர் விளக்கத்தில் தேடுவதைவிடச் சட்டத்திலேயே தேடுவது எவ்வளவு சீக்கிரம் என்று.

அப்புறம் நம் ஊர்க்காரர் என்பதால் ஒரு விஷயம். மாற்றுமுறை ஆவணச் சட்டம் என்றாலே காசோலை, அது பணமில்லாமல் திரும்பினால் 138ஆம் பிரிவு என்று அதிலேயே நின்றுவிடாதீர்கள். நம்மவர்கள் பர்மாவுக்கும் மலாயாவுக்கும் உண்டியலில், அதாவது ஹுண்டிச் சீட்டில், பணம் புரட்டிய காலத்திலும் இதே சட்டம்தான், ஆனால் நம் மொழிகளில் எழுதிய ஆவணங்களுக்கு உள்ளூர் வழக்கத்தை இது பாதிக்காது என்று முதல் பிரிவிலேயே சொல்லியிருக்கிறது. முதல் பிரிவு என்றால் பெயரும் தேதியும்தானே என்று எல்லோரும் தாண்டிவிடுவார்கள்.

---

பதில்: செக்காலை தம்பி

அக்கா, படிப்பு விஷயம் பெரியவர்கள் சொல்லிவிட்டார்கள், நான் ஏற்றுகிற விஷயம் சொல்கிறேன். 2021இல் கொரோனா நேரத்தில் நானும் வீட்டிலிருந்துதான் பருவத்தேர்வு எழுதினேன். முதல் தாள் நன்றாக எழுதியும் ஏற்ற முடியாமல் தவித்தேன். எங்களுடையதும் பழைய வீடு, இரண்டாம் கட்டில் அமைதியாக இருக்கும் என்று அங்கே உட்கார்ந்துவிட்டேன். அந்தச் சுவர் கனத்துக்கு அங்கே ஒரு புள்ளி சிக்னல் கூட வராது. அதோடு 26 பக்கத்தையும் சாதாரணமாகப் போட்டோ எடுத்ததில் கோப்பு 40 எம்பியைத் தாண்டிவிட்டது, அவர்கள் கேட்டது 10 எம்பி. கை நடுங்க முகப்புக்கு ஓடிவந்து, ஸ்கேன் ஆப்பில் மறுபடி எடுத்து, நேரம் முடிய இரண்டு நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தது. அந்த அரை மணி நேரத்தை இப்போது நினைத்தாலும் வயிற்றைப் பிசைகிறது.

அதனால் முந்தைய நாளே வெறும் தாளில் ஏதாவது பத்துப் பக்கம் எழுதி, ஸ்கேன் செய்து, பிடிஎஃப் ஆக்கி, எத்தனை எம்பி வருகிறது என்று பாருங்கள். பகல் ஒரு மணிக்கு வளவு (வீட்டு முற்றம்) நடுவில் வைத்து எடுக்காதீர்கள், உச்சி வெயிலில் உங்கள் கை நிழலும் போன் நிழலும் தாளில் விழும். வளவைச் சுற்றிய தாழ்வாரத்தில் பக்கவாட்டில் வெளிச்சம் வரும் இடம்தான் சரி. ஒவ்வொரு பக்கத்திலும் பக்க எண்ணும் பதிவெண்ணும் எழுதுங்கள். கறுப்பு மை நன்றாகத் தெரியும். அந்த வாரத்தில் உங்கள் ஊருக்கு மாதாந்திரப் பராமரிப்பு மின்தடை இருக்கிறதா என்று பேப்பரில் பார்த்துக்கொள்ளுங்கள், இருந்தால் வைஃபையை நம்பாமல் போனில் டேட்டா போட்டு வையுங்கள். செவ்வாய்ப் பொங்கலுக்கு வந்த சொந்தக்காரர்கள் தங்கியிருந்தால் 10 மணியிலிருந்து 1.30 வரை கூப்பிட வேண்டாம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள் அக்கா, யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

இன்னொன்று, வாட்ஸாப் குரூப்பில் விடை வரும், பார்க்காதீர்கள். எங்கள் வகுப்பில் ஏழு பேருடைய விடை ஒரே எழுத்துப்பிழையோடு இருந்தது, ஏழு பேரையும் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

---

கேட்டவர்: கண்டனூர் மாணவி

எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. ஐயா சொன்னபடி ஆறு நாள் உட்கார்ந்து அட்டவணை எழுதினேன், நாலு பக்கம் ஐந்தரைப் பக்கமாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து கேள்வி வைத்து எழுதிப் பார்த்தேன், 2 மணி 50 நிமிடம். தம்பி, ஸ்கேனும் செய்து பார்த்தேன், 6 எம்பிதான் வந்தது.

நான் எழுதுவதைப் பார்த்துக்கொண்டே இருந்த எங்கள் அப்பத்தா, "இதையா படிக்கிறாய்" என்று பெட்டகத்தைத் திறந்து ஐயா (தாத்தா) காலத்துப் புரோநோட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார்கள். ஸ்டாம்பின் மேல் ஏறி இறங்கின கையெழுத்து. "வேண்டும்போது தங்களுக்கோ தங்கள் உத்தரவு பெற்றவருக்கோ செலுத்துகிறேன்" என்ற வரியைப் படித்ததும்தான் புரோநோட்டுக்குப் புத்தகத்தில் வருகிற அந்த இலக்கணம் எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதன் பின்பக்கத்தில் தேதி போட்டு "வரவு ரூ. 200" என்று எழுதியிருக்கிறது. வாத்தியார் ஐயா, இதுவும் எண்டார்ஸ்மெண்டா? அப்படியென்றால் பாதிப் பணத்தை மட்டும் வேறொருவருக்கு மாற்றிக் கொடுக்க முடியுமா?

---

பதில்: வணிகவியல் வாத்தியார், காரைக்குடி

நல்ல கேள்வி அம்மா. பாதித் தொகையை மட்டும் மாற்றிக் கொடுக்க முடியாது. ஆனால் கடன் வாங்கியவர் ஒரு பகுதியைக் கட்டிவிட்டால் அதைப் பின்பக்கம் குறித்துவிட்டு, மீதித் தொகைக்கு நோட்டை மாற்றிக் கொடுக்கலாம். உங்கள் ஐயா குறித்து வைத்திருப்பது அந்த வரவுதான். மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 56. ஒப்பந்தச் சட்டத்திலும் ஒரு 56 இருக்கிறது, அது வேறு. உங்கள் அட்டவணையில் வெறும் எண்ணாக எழுதிய இடங்களில் எல்லாம் எந்தச் சட்டம் என்பதையும் இன்றைக்கே சேர்த்து எழுதிவிடுங்கள்.