பின்னணி இசை அமைக்கும் பெண்களுக்கு டர்பனில் தொடர்புகள் எப்படி அமைகின்றன?

கேள்வி: ஃபீனிக்ஸ் வீணை

அனைவருக்கும் வணக்கம். நான் தென்னாப்பிரிக்காவில், டர்பனுக்கு வடக்கே ஃபீனிக்ஸில் வசிக்கிறேன். பிறந்தது திருச்சி, திருமணமாகி இங்கே வந்து பதினொரு ஆண்டுகள் ஆகின்றன. பகலில் குழந்தைகளுக்கு வீணையும் கீபோர்டும் கற்றுக்கொடுக்கிறேன். இரவில் வீட்டின் பின்கட்டில் உள்ள சிறிய அறையில் உட்கார்ந்து படங்களுக்குப் பின்னணி இசை அமைக்கிறேன். இதுவரை நான்கு குறும்படங்களும், தொலைக்காட்சியில் ஒளிபரப்பான 48 நிமிட ஆவணப்படம் ஒன்றும் முடித்திருக்கிறேன்.

அந்த ஆவணப்படத்தில்தான் மனம் கசந்தது. கரும்புத் தோட்டத்துக்கு வந்த முன்னோரைப் பற்றிய படம் அது. பேசிய தொகையைத் தயாரிப்பாளர் ஒழுங்காகக் கொடுத்துவிட்டார். ஆனால் இறுதியில் 'இசை' என்ற இடத்தில் அவருடைய நிறுவனத்தின் பெயர் ஓடியது. இசை ஒளிபரப்பாகும்போது இயற்றியவருக்குச் சேர வேண்டிய தொகையை (ராயல்டி) வசூலித்துத் தரும் சாம்ரோ அமைப்பில் உறுப்பினராகி மூன்று ஆண்டுகள் ஆகியும், இரண்டு முறை ஒளிபரப்பான அந்தப் படத்துக்காக எனக்கு ஒரு சென்ட் கூட வரவில்லை. கேட்டபோது, "இதெல்லாம் இங்கே வழக்கம்தான்" என்று சிரித்துக்கொண்டே சொன்னார்.

இன்னொரு வருத்தமும் உண்டு. என்னைத் தேடி வருகிற வேலைகள் எல்லாம் கல்யாணக் காட்சி, கோயில் காட்சி, பாட்டி பேரனுக்குக் கதை சொல்லும் காட்சி என்றே இருக்கின்றன. துப்பறியும் தொடர் ஒன்றுக்கு மாதிரி இசை அனுப்பினேன், பதிலே இல்லை. இந்தத் துறையில் பழக்கம் ஏற்படுவது வேலை முடிந்தபின் பாரில் உட்கார்ந்து பேசும்போதுதான் என்கிறார்கள். ஆறு மணிக்கு மகளுக்குச் சோறு போட வேண்டியவள் அதற்கு என்ன செய்வது? படம் எடுப்பவர்கள் கூடும் சந்தையான டர்பன் ஃபிலிம்மார்ட்டுக்குக் கட்டணம் கட்டிப் போவதில் பயன் உண்டா, அல்லது அந்தப் பணத்தில் ஏதேனும் படிப்பில் சேரலாமா? அனுபவமுள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

பதில் 1: ஜோபர்க் அக்கா

தங்கை, ராயல்டியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் பெயர் காகிதத்தில் இல்லாமல் ஊரெல்லாம் பழக்கம் வைத்திருந்தும் பயனில்லை.

பணம் வராததற்குக் காரணம் அநேகமாகக் கியூ ஷீட். படத்தில் எந்த இசை எந்த இடத்தில் எத்தனை விநாடி ஒலிக்கிறது, அது தலைப்பிசையா பின்னணியா, இயற்றியவர் யார், எவருக்கு எத்தனை பங்கு என்று வரி வரியாகக் காட்டும் தாள் அது. ஒளிபரப்பு நிறுவனங்கள் கட்டும் உரிமத் தொகையைச் சாம்ரோ இசையமைப்பாளர்களுக்குப் பங்கிடுவது இந்தத் தாளை வைத்துத்தான். திரையில் உங்கள் பெயரைப் பொன்னெழுத்தில் போட்டிருந்தாலும் தாளில் வேறு பெயர் இருந்தால் காசு அங்கேதான் போகும். அந்தத் தாளைத் தயாரிப்பாளரின் அலுவலகத்தில் யாரோ ஒரு பயிற்சி மாணவர் கடைசி நாளில் அவசரமாக நிரப்புகிறார் என்பது பலருக்குத் தெரிவதில்லை. நான் இப்போதெல்லாம் அதை நானே தட்டச்சு செய்து, இசைக் கோப்புகளுடன் சேர்த்தே அனுப்பிவிடுகிறேன். இதுவரை ஒருவரும் வேண்டாம் என்று சொன்னதில்லை. வேலை மிச்சமென்று மகிழ்கிறார்கள்.

அடுத்தது உரிமை. இந்த நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவைப் பொறுமையாகப் படியுங்கள். பணம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னவருக்கு அந்த ஒலிப்பதிவு சொந்தமாகிவிடும். ஆனால் அதற்குள் இருக்கும் இசைப் படைப்பு, நீங்கள் அவரிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை செய்பவராக இல்லாத வரையில், உங்களுடையதாகவே இருக்கும். எழுத்தில் கையொப்பமிட்டு நீங்களே கொடுத்தாலொழிய அது கைமாறாது. ஆகவே அந்த ஒப்பந்தத்தை எடுத்து, எதில் கையொப்பமிட்டீர்கள் என்று முதலில் பாருங்கள். சாம்ரோ உறுப்பினர் என்பதால் ஒளிபரப்பு உரிமையை ஏற்கெனவே அவர்களிடம் ஒப்படைத்திருக்கிறீர்கள். ஒப்படைத்த ஒன்றைத் தயாரிப்பாளருக்கு மறுபடியும் எழுதிக் கொடுக்க முடியாது. இதை இரண்டு வரியில் கண்ணியமாகக் குறிப்பிட்டுக் கடிதம் எழுதினாலே பலர் வழிக்கு வந்துவிடுகிறார்கள். பிரதி எடுக்கும் உரிமைக்குக் கபாசோ என்ற தனி அமைப்பு இருக்கிறது, அதிலும் சேருங்கள்.

கல்யாணக் காட்சி, பாட்டிக் காட்சி என்றீர்கள். படித்தபோது சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. ஆஸ்கர் விருதில் பின்னணி இசைக்குத் தனியாக முதன்முதலில் வென்ற பெண் ரேச்சல் போர்ட்மேன், ஆண்டு 1997. அடுத்த ஆண்டே ஆன் டட்லி வென்றார். அந்தச் சில ஆண்டுகள் மட்டும் விருதை நாடகப் படத்துக்கு ஒன்று, இசை மற்றும் நகைச்சுவைப் படத்துக்கு ஒன்று என இரண்டாகப் பிரித்திருந்தார்கள். இருவருமே வென்றது நகைச்சுவைப் பக்கத்தில். இருண்ட கதை ஒன்றுக்காக ஹில்தர் குத்னதோத்திர் மேடையேற 2020 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே இது ஃபீனிக்ஸில் மட்டும் உள்ள நோய் அல்ல. உங்கள் மாதிரித் தொகுப்பின் முதல் மூன்று நிமிடங்களில் வீணையை வைக்காதீர்கள். வீணை மீது எனக்குக் கோபம் இல்லை. அதைக் கேட்டதும் அவர்கள் கண்முன் மாவிலைத் தோரணம் வந்துவிடுகிறது.

பதில் 2: கத்தரிக்கோல்

நான் படத்தொகுப்பாளன், கேப்டவுனில் இருக்கிறேன். அக்கா காகிதத்தைப் பற்றிச் சொன்னதோடு முழுவதும் உடன்படுகிறேன். பழக்கத்தைப் பற்றி மட்டும் என் பக்கத்திலிருந்து சொல்ல விரும்புகிறேன்.

இயக்குநர் இசையமைப்பாளரைத் தேடத் தொடங்கும் முன்பே, எங்கள் எடிட்டிங் அறையில் அந்தப் படத்துக்கு இசை ஓடிக்கொண்டிருக்கும். காட்சியின் ஓட்டத்தைப் பார்ப்பதற்காக வேறு எங்கிருந்தோ எடுத்த இசையைத் தற்காலிகமாகப் போட்டு வெட்டுவோம். அதைத்தான் டெம்ப் என்கிறோம். ஆறு வாரம் அதையே கேட்ட இயக்குநருக்கு அது காதில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் வருகிற இசையமைப்பாளர் அதனுடன் மல்லுக்கட்ட வேண்டியிருக்கும். இந்த இடத்தைத்தான் நீங்கள் பயன்படுத்த வேண்டும். உங்களிடம் பயன்படாமல் கிடக்கும் துண்டுகள், நிராகரிக்கப்பட்ட அந்தத் துப்பறியும் தொடரின் மாதிரி உட்பட, பத்துப் பன்னிரண்டை எடுத்து, "டெம்ப்பாகப் பயன்படுத்திக்கொள்ளலாம், படத்தில் நிலைத்தால் பேசிக்கொள்வோம்" என்ற குறிப்புடன் நான்கு எடிட்டர்களுக்கு அனுப்புங்கள். எனக்குத் தெரிந்து இரண்டு பெண் இசையமைப்பாளர்களுக்கு முதல் பெரிய வேலை அப்படித்தான் வந்தது. பாருக்குப் போகவே வேண்டியதில்லை.

அனுப்பும் முறையும் முக்கியம். சென்ற ஆண்டு ஒருவர் அனுப்பிய பதினான்கு கோப்புகளில் ஆறின் பெயர் 'ஃபைனல்'. போதாக்குறைக்கு எல்லாம் 44.1 கிலோஹெர்ட்ஸ் மாதிரி வீதத்தில் (விநாடிக்கு எத்தனை முறை ஒலி அளக்கப்படுகிறது என்ற கணக்கு) இருந்தன. எங்கள் வேலை 48இல் நடக்கிறது. மிக்ஸிங் அறையில் மாற்றாமல் ஏற்றிவிட்டார்கள். அதனால் இசை வேகமெடுத்து சுருதி ஏறக்குறைய ஒன்றரை செமிடோன் (அரைச்சுரம்) ஏறிப் போனது. கதாநாயகி இறக்கும் காட்சியில் செல்லோ வயலினைப் போல் கீச்சிட்டது. ஆகவே 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட். கோப்பின் பெயரில் காட்சி எண்ணும், படத்தில் இசை தொடங்கும் நேரத்தைக் காட்டும் டைம்கோடும். இங்கே தொலைக்காட்சிக்கு விநாடிக்கு 25 ஃபிரேம். தாளம், தந்தி, குரல் ஆகியவற்றைத் தனித்தனி ஸ்டெம்மாக, அதாவது தனித்தனிக் கோப்பாக, கொடுங்கள். வசனத்தின் மேல் தாளம் இடித்தால், உங்களை நள்ளிரவில் எழுப்பாமல் நாங்களே அதைக் குறைத்துக்கொள்வோம். இப்படி அனுப்புகிறவரின் பெயரை எந்த எடிட்டரும் மறப்பதில்லை.

படிப்பா என்று கேட்டிருந்தீர்கள். ஐந்து படம் முடித்தவருக்குப் பட்டயம் தேவையில்லை என்பது என் எண்ணம். மாறாக, டர்பனிலேயே அஃப்டா திரைப்படக் கல்லூரியின் வளாகமும், டர்பன் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் வீடியோ துறையும் இருக்கின்றன. இன்று அங்கே மாணவர் படம் வெட்டும் பிள்ளைகள்தான் நாளைய எடிட்டர்கள், அவர்களுடன் பழகிக்கொள்ளுங்கள்.

பதில் 3: மாரிட்ஸ்பர்க் ராகம்

அண்ணா சொல்வது சரிதான், ஆனால் அவர் ஆண் என்பதால் சில கதவுகள் அவருக்குக் கண்ணில் படவில்லை என்று பணிவுடன் சொல்லிக்கொள்கிறேன். கோப்பு ஒழுங்காக இருந்தும் அழைப்பு வராத பெண்கள் நிறையப் பேர் இருக்கிறோம். ரேவதி முதன்முதலாகப் படம் இயக்கியபோது, 2002இல், இசைக்குப் பவதாரிணியை அழைத்தார். முடிவெடுக்கும் நாற்காலியில் பெண் இருந்தால் என்ன நடக்கும் என்பதற்கு அதைவிட நல்ல உதாரணம் நம்மவர்களிடையே எனக்குத் தோன்றவில்லை. ஆகவே பெண் இயக்குநர்களையும் பெண் தயாரிப்பாளர்களையும் தேடிப் போவதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

அதற்கு இங்கே ஸ்விஃப்ட் என்ற அமைப்பு உண்டு. திரைப்படத்திலும் தொலைக்காட்சியிலும் பணிபுரியும் பெண்களுக்கானது. படப்பிடிப்புத் தளங்களில் நடக்கும் பாலியல் தொல்லையைப் பற்றி வெளிப்படையாகப் பேசியவர்கள் அவர்கள். என்னைப் பொறுத்தவரை அதன் பெரிய பயன், யாருடைய ஸ்டூடியோவுக்குத் தனியாகப் போகலாம், யாருடையதற்குத் துணையுடன் போக வேண்டும் என்று மூத்தவர்களிடம் கேட்க முடிவதுதான். இரவு பதினொரு மணி மிக்ஸிங் என்றால், பகலில் வைக்க முடியுமா என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் ஒப்புக்கொள்கிறார்கள். இரவு என்பது வெறும் பழக்கம். அமெரிக்காவில் 2014இல் தொடங்கிய பெண் திரையிசையமைப்பாளர் கூட்டணியையும் பாருங்கள். இணையத்தில் அவர்கள் வைத்திருக்கும் பெயர்ப் பட்டியலைப் புரட்டினாலே நாம் தனியாக இல்லை என்பது தெரியும்.

ஃபிலிம்மார்ட்டுக்கு நான் மூன்று முறை போயிருக்கிறேன். முதல் முறை நூறு கார்டு அச்சடித்துக்கொண்டு போய், எழுபதைத் திரும்பக் கொண்டு வந்தேன். அங்கே வருவது பெரும்பாலும் இன்னும் எடுக்கப்படாத படங்கள். தேர்வான படங்களின் பட்டியலை முன்கூட்டியே வெளியிடுகிறார்கள். அதை வீட்டில் உட்கார்ந்து படித்து, உங்கள் மனத்தில் ஓசை எழுப்புகிற இரண்டே படங்களைத் தேர்ந்தெடுத்து, அவற்றை எடுப்பவர்களுடன் மட்டும் காலைக் காப்பி வேளையில் பேசுங்கள். அவர்களுக்கு இசை தேவைப்பட இரண்டு ஆண்டுகள் ஆகலாம்; இடையில் ஆறு மாதத்துக்கு ஒரு முறை நலம் விசாரித்து எழுதுங்கள். ஜூலையில் திரைப்பட விழாவும் அதே நாட்களில் நடக்கும் என்பதால், கட்டணம் கட்ட முடியாவிட்டாலும் ஒரு படத்துக்கு டிக்கெட் வாங்கி, முடிந்தபின் இயக்குநரிடம் அதன் ஒலியைப் பற்றிக் கேள்வி கேளுங்கள். ஒலியைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. உங்களை நினைவில் வைத்துக்கொள்வார்.

மறுமொழி: ஃபீனிக்ஸ் வீணை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. ஒப்பந்தத்தைத் தேடியதில் மகளின் பள்ளிச் சான்றிதழ்களுக்கு நடுவே கிடைத்தது. ஒன்றரைப் பக்கம்தான். தொகையும் தேதியும் இருக்கின்றன. உரிமையைப் பற்றி ஒரு வரிகூட இல்லை. இதுவரை அதை என் அறியாமை என்று நினைத்து வெட்கப்பட்டிருந்தேன். அக்கா சொன்னபடி பார்த்தால், எழுதாமல் விட்டது எனக்கே சாதகமாக இருக்கிறது.

நேற்றிரவு படத்தை ஓடவிட்டுக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்சுடன் உட்கார்ந்தேன். மொத்தம் இருபத்து மூன்று இடங்களில் இசை வருகிறது. மிகக் குறைந்தது ஏழு விநாடி. பாதியில் மின்சாரம் போனதால் மீதியை விடியற்காலையில் முடித்தேன். திங்கட்கிழமை அந்தத் தாளைக் கடிதத்துடன் தயாரிப்பாளருக்கு அனுப்புகிறேன். துப்பறியும் தொடரின் மாதிரியை 48க்கு மாற்றி வைத்துவிட்டேன். கத்தரிக்கோல் அண்ணா, அதை உங்களுக்கே முதலில் அனுப்பலாமா?