குத்துச்சண்டையில் தலைக்கவசம் போட்டும் மயங்கி விழுவது ஏன்? மூன்று ஊர்க்காரர் சொல்கிறார்கள்

கல்லடி
தலைக்கவசம் இருக்குதானே என்று பெடியன்களை முழுப் பலத்தில் மோத விடுறதை நம்ம பக்கத்துக் கிளப்புகளில் இன்னும் காணலாம். மூளையைக் கெடுக்கிறது பெரும்பாலும் திருகல்தான். தாடை நுனியில் பக்கவாட்டில் விழுகிற ஹூக் (கையை வளைத்துக் குத்துற குத்து) தலையைக் கழுத்தின் மேல் சடாரென்று திருப்பும். மண்டை ஓடு முதலில் திரும்பும், நீரில் மிதக்கிற மூளை ஒரு கணம் பிந்தித் திரும்பும். அதற்குள் நரம்பிழைகள் இழுபடும். மூளையின் மேலோடுகிற நாளங்கள் அறுந்தால் இரத்தம் தேங்கும். கவசத்துப் பஞ்சு வெட்டுக்காயத்தையும் நேரடியான இடியையும் குறைக்கும், திருகலைப் பெரிதாகத் தடுக்காது. 2016 ரியோ ஒலிம்பிக்கில் ஆண்கள் கவசமில்லாமல்தான் மோதினார்கள். அதற்காகப் பழகுற பிள்ளைகளுக்குக் கழற்றிவிடாதீங்க.

கல்முனை
கல்லடி அண்ணன் சொன்னது சரி. கழுத்தையும் சேர்த்துப் பாருங்க. குத்து வருவதைக் கண்டு கழுத்தை இறுக்கினால் உடம்பின் பாரமும் சேர்ந்து தாங்கும், தலை திரும்புற வேகம் குறையும். காணாத குத்துதான் ஆளை விழுத்தும். களைத்தவனுக்குத் தாடை மேலே எழும்பும், கை நெஞ்சுக்கு இறங்கும். அந்த இடத்திலேயே நிறுத்துங்க. பழகுற மோதலுக்கு 16 அவுன்ஸ் கையுறை. அமத்தினால் விரல்முட்டு தட்டுப்படுகிற பழைய கையுறையைக் குத்துப் பையில் குத்த மட்டும் வைங்க.

சீமெந்துத் தரையில் மோதவே விடாதீங்க. மயங்கினவன் கை ஊன்றமாட்டான், பிடரிதான் முதலில் நிலத்தில் அடிபடும். மண்டை உடையிறது பல நேரம் அந்த விழுகையில்தான்.

அக்கரைப்பற்று
விழுந்தவன் எழும்பி "ஒண்டுமில்ல சேர்" எண்டுதான் சொல்லுவான், நம்பாதீங்க. இது எத்தனையாவது ரவுண்டு, ஆரோட மோதினாய் எண்டு கேளுங்க. ஐந்து சொல் சொல்லிக் கொடுத்து, பத்து நிமிடம் கழித்துத் திருப்பிச் சொல்ல வைங்க. நேர்கோட்டில் நடக்க விடுங்க. எல்லாம் சரியாகச் செய்தாலும் அண்டைக்குத் திரும்ப மோத விடக் கூடாது.

தலையிடி கூடிக்கொண்டே போனால், திரும்பத் திரும்பச் சத்தி எடுத்தால், கதை குழறினால், ஒரு கண்மணி மற்றதைவிடப் பெருத்தால், வலிப்பு வந்தால், நித்திரையில் எழுப்ப முடியாவிட்டால் உடனே 1990 சுவசெரிய அம்புலன்ஸுக்கு அழையுங்க. நல்லாக் கதைத்துக்கொண்டிருந்தவனும் சில மணித்தியாலத்தால் சாயலாம், இரத்தம் மெல்லமெல்லத்தானே தேங்குது. தலையிடிக்கு அஸ்பிரின் குடுக்காதீங்க, கசிவு கூடும். கழுத்து நோகுது எண்டால் தூக்கி இருத்தாமல் கிடந்தபடியே தலையைப் பிடிச்சிருங்க.

முதல் 24–48 மணித்தியாலம் ஓய்வு. பிறகு நடை, மெல்லோட்டம், நிழல்குத்து (ஆளில்லாமல் காற்றில் குத்துறது), குத்துப் பை. ஒவ்வொரு படிக்கும் குறைந்தது ஒரு நாள். தலையிடி திரும்பினால் ஒரு படி இறக்குங்க. மோதல் கடைசியில்தான், அதுவும் வைத்தியர் பார்த்துச் சொன்ன பிறகு.