ராப்பை எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்?

வணக்கம். தர்மபுரியிலிருந்து தினமும் ஓசூருக்கு வேலைக்குப் போகிறேன். போக வர பஸ்ஸில் ஒரு ஆல்பத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிவரை வரிசை மாற்றாமல் கேட்பது என் பழக்கம்.

2000இல் வந்த, லிங்கின் பார்க் என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ‘ஹைப்ரிட் தியரி’ எத்தனை முறை கேட்டாலும் சலிக்கவில்லை. மொத்தமே 38 நிமிடம். காவேரிப்பட்டணம் வருவதற்குள் முடிந்துவிடும். பாப் பங்க்கில் (வேகமும் எளிய மெட்டும் கலந்த ராக் வகை) கிரீன் டே குழுவின் ‘டூக்கி’தான். அதில் ‘பாஸ்கெட் கேஸ்’ தொடங்கும்போது கிடாரும் குரலும் மட்டும் இருக்கும். அப்புறம் டிரம்ஸ் வந்து சேரும். அந்த இடத்தில் ஒவ்வொரு முறையும் நிமிர்ந்து உட்கார்ந்துவிடுகிறேன். அதே வகையில் பாடும் பிளிங்க்-182 குழு ஏனோ மனதில் ஒட்டவில்லை.

சிக்கல் ராப்பில்தான். கென்ட்ரிக் லமாரின் ‘டேம்’ 2018இல் புலிட்சர் பரிசு வாங்கியது என்பதால் கேட்டேன். தாளம் பிடிக்கிறது, வார்த்தைகள் பாதி நழுவிப் போகின்றன. சரி, வரிகளைப் படித்துக்கொண்டே கேட்கலாம் என்றால் ஓடும் பஸ்ஸில் தலை சுற்றுகிறது.

ராப் கேட்கும் நண்பர்களே, என்னைப் போன்றவர் எந்த ஆல்பத்தில் தொடங்கலாம்? அதில் எந்தப் பாட்டை முதலில் வரி வரியாகப் புரிந்துகொள்ள வேண்டும்? கிருஷ்ணகிரி பக்கம் யாராவது இருந்தால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சேர்ந்து உட்கார்ந்து கேட்கவும் ஆசை.