புள்ளி கீழ இறங்கணும், ஸ்க்ரீன்ல மேல ஏறுது, ஏன்?

கட்டம்போட்டசட்டை:
ஏ(-3, 2)ல இருந்து பி(4, -1)க்கு ஒரு புள்ளி நகரணும். கிராஃப் ஷீட்ல வலது பக்கம் 7, கீழ 3, சந்தேகமே இல்ல. அதையே ஜாவாஸ்கிரிப்ட் கேன்வாஸ்ல (வெப் பேஜ்ல கோட் எழுதி படம் வரையற இடம்) எக்ஸ்ல 7, ஒய்ல -3 கூட்டி ஓடவிட்டா மேல் இடது மூலையில அரைகுறையா தெரியுது, கீழ இறங்காம மேல போய் ஒளிஞ்சுக்குது. என்னதாங்க பிரச்சினை?

சைபர்புள்ளி:
உங்க கணக்குல தப்பில்ல. கேன்வாஸ்ல (0, 0) நடுவுல கிடையாது, மேல் இடது மூலை. ஒய் கீழ போகப்போகத்தான் கூடும். பழைய டியூப் ஸ்க்ரீன்ல படம் மேல இருந்து கீழ வரிவரியா விழும்ல, அந்தப் பழக்கம்தான் இது.

அவசரக்குடுக்கை:
-3ஐ 3னு மாத்துங்க, முடிஞ்சுது.

சைபர்புள்ளி:
அது ஒட்டுப்போடற வேலை. நகர்வு சரியாகும், ஆனா கிளம்பற இடம் தப்பாவே இருக்கும், எக்ஸ் -3ன்னா அது ஸ்க்ரீனுக்கு வெளியதானே. கணக்கு முழுக்க கிராஃப் ஷீட்ல போடற மாதிரியே இருக்கட்டும், வரையும்போது மட்டும் மாத்துங்க. கேன்வாஸ் 400க்கு 400, அதோட நடு (200, 200), ஒரு கட்டம் 20 பிக்சல்னு வெச்சா, எக்ஸுக்கு 200 + எக்ஸ் × 20, ஒய்க்கு 200 - ஒய் × 20. அந்த மைனஸ்தான் முக்கியம். ஏ (140, 160)ல விழும், பி (280, 220)ல. வலது 140, கீழ 60, அதாவது அதே 7ம் 3ம்தான்.

கட்டம்போட்டசட்டை:
சூப்பர், ஓடுது! திரும்பி வரணும்னா தனியா எழுதணுமா?

சைபர்புள்ளி:
வேணாம். போய்ச் சேர்ற இடத்துல இருந்து கிளம்புற இடத்தைக் கழிங்க, எந்தப் பக்கம் போனாலும் அதே வரிதான், திரும்பும்போது தானா -7, 3னு வந்துரும். ஆனா 4 - (-3)ஐ 1னு போட்டுறாதீங்க, பாதிப் பேர் அங்கதான் வழுக்குவாங்க.

அவசரக்குடுக்கை:
எனக்கு புள்ளி நேரா போகாம ட போட்ட மாதிரி இறங்கிட்டு அப்புறம் வலது பக்கம் போகுதே?

சைபர்புள்ளி:
ஒய்ய முடிச்சிட்டு எக்ஸ ஆரம்பிக்கிறீங்க, அதான். அப்படிப் போனா 10 கட்டம், குறுக்க போனா 7.6தான் வரும். 60 ஃப்ரேம்னா, அதாவது 60 தடவை படத்தைத் திரும்ப வரைஞ்சு நகர்த்துறீங்கன்னா, ஒவ்வொரு ஃப்ரேம்லயும் ரெண்டுலயும் 60ல ஒரு பங்கு சேர்ந்தே நகர்த்துங்க.