மேலவீதிச் சொந்தங்கள் குழு: ஏப்ரன் தைக்கும் விஷயம்

வித்யா (டப்ளின்): பெரியம்மா, சனிக்கிழமை விமானம் ஏறுவதற்குள் யாழினிக்கு ஒரு வெள்ளை ஏப்ரன் தைத்துவிட முடியுமா? பள்ளியில் 1916 ஈஸ்டர் எழுச்சி நாடகம், பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து டப்ளினில் நடந்த கிளர்ச்சி. இவள்தான் எலிசபெத் ஓ'ஃபாரல். மார்பிலும் கையிலும் சிவப்புச் சிலுவை வேண்டும். ஓட்டுத் தையல் போதும், மேடையில் அதைக் கத்தரித்து எடுப்பார்கள்.

கோமதி பெரியம்மா: அளவு?

லலிதா: தீபாவளிப் பாவாடை அளவில் தைத்துவிடாதே அக்கா. அது குட்டை.

கோமதி பெரியம்மா: குட்டை இல்லை. குழந்தை வளர்ந்துவிட்டாள்.

செல்வி சித்தி: தைத்ததை ஏன் கத்தரிக்க வேண்டும்?

வித்யா (டப்ளின்): அவர் செவிலி, சித்தி. கிளர்ச்சிக்காரர்கள் பிடித்துவைத்திருந்த டப்ளின் தலைமைத் தபால் நிலையத்தில் கடைசிவரை நின்ற மூன்று பெண்களில் ஒருவர். ஏப்ரல் 29 அன்று சரணடையும் செய்தியோடு மூர் தெருவிலிருந்து வெள்ளைக்கொடி பிடித்து நடந்தவர் இவர்தான். பிரிட்டிஷ் அதிகாரி, ‘இவள் ஒற்றர்’ என்று சொல்லி ஏப்ரனிலும் கையிலும் இருந்த சிலுவையை வெட்டி எடுக்கச் செய்தார். பிறகு தலைவர் பியர்ஸ் சரணடையும்போது பக்கத்திலேயே நின்றார். ஆனால் புகைப்படத்தில் இவருடைய பாதம்தான் தெரியும். சில பத்திரிகைகள் அதையும் அழித்துவிட்டு அச்சடித்தன.

பாலு மாமா: அன்னி பெசன்ட் அம்மையாரும் ஐரிஷ் வம்சம். அதே 1916-இல்தான் சென்னையில் ஹோம் ரூல் லீக்.

சந்தானம் பெரியப்பா: அனைவருக்கும் காலை வணக்கம் 🌹

செல்வி சித்தி: வித்யா, தவறாக எடுத்துக்கொள்ளாதே. நாடகம் ‘அந்த மாதிரி’ப் பெண்களைப் பற்றியதாமே? சுதா சொன்னாள்.

வித்யா (டப்ளின்): எந்த மாதிரி, சித்தி?

சுதா (கவென்ட்ரி): நான் அப்படிச் சொல்லவில்லை. யாழினி போனில் சொன்னதைத்தான் சொன்னேன்.

கோமதி பெரியம்மா: இடுப்புச் சுற்றளவு?

வித்யா (டப்ளின்): எலிசபெத்துக்கு ஜூலியா கிரெனன் என்று ஒருவர். சிறுவயதிலிருந்தே தோழி. எழுச்சியிலும் சேர்ந்தே இருந்தார், எலிசபெத் கொடியோடு போனபோது உள்ளே காத்துக்கொண்டிருந்தார். பிற்பாடு இருவரும் ஒரே வீட்டில் வாழ்ந்தார்கள். எலிசபெத் 1957-இல் காலமானார். 1972-இல் ஜூலியாவையும் கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டத்தில் எலிசபெத்தின் கல்லறையிலேயே அடக்கம் செய்தார்கள். இருவருக்கும் ஒரே கல். இவர்கள் மட்டும் இல்லை. மருத்துவர் கேத்லீன் லின் பாதிரியார் வீட்டுப் பெண். எழுச்சியில் சேர்ந்ததால் குடும்பமே ஒதுக்கிவைத்தது. அவரும் மடலின் ஃப்ரெஞ்ச்-மல்லனும் ரத்மைன்ஸில் ஒன்றாக வாழ்ந்தார்கள். 1919-இல் இருவரும் சேர்ந்து 70 பவுண்டும் இரண்டு தொட்டில்களும் வைத்துக்கொண்டு ஏழைக் குழந்தைகளுக்கு மருத்துவமனை தொடங்கினார்கள். மார்கரெட் ஸ்கின்னிடர் குறிபார்த்துச் சுடுபவர், உடம்பில் மூன்று குண்டு. அவருக்குத் துணை நோரா ஓ'கீஃப். இவர்களை இணையர் என்றே இப்போது ஆய்வாளர்கள் பலர் எழுதுகிறார்கள். நாடகத்தில் ஜூலியாவுக்கு இரண்டே வரி வசனம். அதற்குத்தான் இவ்வளவு பேச்சு.

லலிதா: காலையிலேயே இவ்வளவு நீளமா?

பாலு மாமா: தோழிகள் என்று சொன்னால் போதாதா?

வித்யா (டப்ளின்): கல்லில் அப்படித்தான் இருக்கிறது மாமா, ‘வாழ்நாள் தோழி’ என்று. நாடகத்தில் பள்ளி டீச்சர் இணையர் என்று எழுதியிருக்கிறார். மாற்றச் சொல்ல நான் போகமாட்டேன்.

கார்த்தி: நம் ராஜி அத்தையும் மல்லிகா டீச்சரும் போல.

லலிதா: கார்த்தி.

பாலு மாமா: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

கார்த்தி: படித்துவிட்டேன் மாமா.

செல்வி சித்தி: ராஜி அக்காவின் காரியத்துக்கு டீச்சரைப் பந்தியில் உட்காரக்கூட யாரும் சொல்லவில்லை. அது தப்புதான்.

பாலு மாமா: அன்றைக்குப் பந்தி பார்த்தது நான் இல்லை.

சந்தானம் பெரியப்பா: மூன்று குண்டு பட்ட அம்மாவுக்குப் பென்ஷன் உண்டா?

வித்யா (டப்ளின்): விண்ணப்பித்தார் பெரியப்பா. படைவீரர் என்றால் சட்டப்படி ஆண்தான் என்று 1925-இல் மறுத்துவிட்டார்கள். 1938-இல்தான் கொடுத்தார்கள்.

சந்தானம் பெரியப்பா: பதின்மூன்று வருடம்! அரியர்ஸ்?

கோமதி பெரியம்மா: ஆரம்பித்துவிட்டார்.

சந்தானம் பெரியப்பா: நான் எதிரில் நிற்கிறேன், உயிரோடு இருப்பதற்குச் சான்று கேட்கிறார்கள். அந்த அம்மாவிடம் என்னென்ன கேட்டார்களோ.

கார்த்தி: பெரியப்பா கட்சி மாறிவிட்டார்.

லலிதா: ஞாயிற்றுக்கிழமை எங்கே அழைத்துப்போகிறாய்?

வித்யா (டப்ளின்): கிளாஸ்நெவின் கல்லறைத் தோட்டம்.

கோமதி பெரியம்மா: வந்து இறங்கிய மறுநாளே சுடுகாடா?

வித்யா (டப்ளின்): பக்கத்திலேயே தாவரவியல் பூங்கா இருக்கிறது பெரியம்மா. நீங்கள் அங்கே உட்காரலாம்.

சந்தானம் பெரியப்பா: பென்ஷன் அம்மாவும் அங்கேதானா?

வித்யா (டப்ளின்): ஆமாம், எழுச்சியில் போரிட்ட மார்கீவிச் சீமாட்டிக்குப் பக்கத்தில்.

சந்தானம் பெரியப்பா: நான் வருகிறேன்.

கோமதி பெரியம்மா: முழங்கால் வருமா என்று கேளுங்கள்.

பாலு மாமா: மார்கீவிச் பற்றி ஒரு நல்ல கட்டுரை வைத்திருக்கிறேன். தேடி அனுப்புகிறேன்.

செல்வி சித்தி: கட்டுரை இருக்கட்டும். மல்லிகா டீச்சர் நம்பர் உங்களிடம் இருக்கிறதா அண்ணா?

கோமதி பெரியம்மா: சிவப்புத் துணி இல்லை. ஜாக்கெட் பிட் ஒன்று இருக்கிறது, ஓரத்தில் ஜரிகை.

வித்யா (டப்ளின்): ஜரிகை வேண்டாம் பெரியம்மா, செஞ்சிலுவைச் சங்கம் கோபித்துக்கொள்ளும்.

சுதா (கவென்ட்ரி): நாடகம் என்றைக்கு? டிக்கெட் பார்க்கிறேன்.

வித்யா (டப்ளின்): வெள்ளி.

கோமதி பெரியம்மா: எந்த வெள்ளி? நாங்கள் வருவதே சனிக்கிழமை.